பாண்டிக்குப் போகாத அப்பா

1

என் அப்பாவுக்குப் பிரெஞ்சு தெரியும் என்ற விஷயம் எனக்கு ஐம்பத்திரண்டாம் வயதில்தான் தெரியவந்தது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பாரிஸுக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடத் தொலைவில் இருக்கிறது எங்கள் அடுக்குமாடி வீடு. ஞாயிறு என்றால் திண்டிவனத்துக்குப் பேசும் நாள். கல்யாணமாகி இங்கே வந்த இருபத்தெட்டு வருடமாக இந்த வழக்கம் தவறியதில்லை. தம்பி சேகர் போனை அப்பாவிடம் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவான். அப்பா அதை முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். எங்களுக்குத் தெரிவது அவருடைய நெற்றியும் ஒரு கண்ணும்தான். சாப்பிட்டாச்சா, மழை உண்டா, ஊர்ப்பக்கம் இந்தப் போகம் மல்லாட்டை விளைச்சல் எப்படி என்று நான் கேட்பேன். அவர் ஒன்றிரண்டு வார்த்தையில் பதில் சொல்வார்.

மகள் நிலா அதே மேசையில் எதிரே உட்கார்ந்திருந்தாள். பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறாள். அவளுக்கும் தாத்தாவுக்கும் நடுவில் 'வணக்கம் தாத்தா', 'நல்லா இருக்கியாம்மா' என்ற இரண்டு வாக்கியங்களுக்கு மேல் எப்போதும் ஓடியதில்லை. அவளுடைய தமிழ் அவ்வளவுதான். அந்தப் பழி என்னுடையது. மறுநாள் வகுப்பில் அல்ஜீரிய விடுதலைப் போர் பற்றி அவள் பேச வேண்டியிருந்தது. எழுதி வைத்திருந்ததைப் பிரெஞ்சில் சத்தமாக வாசித்துப் பழகிக்கொண்டிருந்தாள். அதில் 'கொர்வே து புவா' என்று ஒரு சொல் வந்தது. விறகு பொறுக்கும் வேலை என்று அர்த்தம்.

போனில் இருந்த நெற்றி அசையாமல் நின்றது. பிறகு அப்பா பேசினார். பிரெஞ்சில் பேசினார். இலக்கணம் கொஞ்சம் உடைந்திருந்தாலும் தெளிவான பிரெஞ்சு.

"யாரும் விறகோடு திரும்பி வந்ததில்லை."

நிலா வாசிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். அதற்குள் அப்பா இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

2

அப்பாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெயர் கோவிந்தன். திண்டிவனத்தில் டிராக்டர் மெக்கானிக். மரக்காணம் ரோட்டில் அவருடைய பட்டறைக்கு முன்னால் எப்போதும் இரண்டு டிராக்டர்கள் வயிறு திறந்து நிற்கும். பெருமுக்கல் பக்கமிருந்தெல்லாம் ஆட்கள் தேடி வருவார்கள். இளம் வயதில் பம்பாயில் லாரி ஓட்டியதாகவும், பிறகு காணையில் கரும்பாலையில் வேலை பார்த்ததாகவும், அங்கிருந்தபோதுதான் கண்டாச்சிபுரத்தில் அம்மாவைப் பெண் பார்த்ததாகவும் எங்களுக்குச் சொல்லியிருந்தார். அப்பா வழியில் சொந்தம் என்று யாரும் வந்ததில்லை. எல்லோரும் செத்துப்போனார்கள் என்றார். நாங்களும் நம்பினோம்.

அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம் இருந்தது. பாண்டிச்சேரிக்குப் போக மாட்டார். திண்டிவனத்திலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. எல்லாரும் துணி எடுக்கவும் சினிமா பார்க்கவும் கடல் பார்க்கவும் அங்கேதான் போவார்கள். டிராக்டர் சாமான் வாங்க அப்பா விழுப்புரம் போவார், கிடைக்காவிட்டால் சென்னைக்குப் போவார். கடலூரில் ஒரு சாவு விழுந்தபோது விழுப்புரம் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தார். கேட்டால், "அந்த ஊரு எனக்கு ஒத்துக்காது" என்பார். சின்ன வயதில் அது எங்களுக்கு ஒரு வேடிக்கை.

கல்யாணத்தில்தான் அது வேடிக்கையாக இல்லாமல் போனது. மாப்பிள்ளை பாஸ்கர் வீட்டார் பாண்டிச்சேரிக்காரர்கள், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பம். பெண் பார்க்கத் திண்டிவனம் வந்தபோது அப்பா நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தார். மாமனார் தன் அண்ணனைப் பற்றிப் பெயர் சொல்லிப் பெருமையாகப் பேசினார். அவர் சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்துச் சிப்பாயாக, அல்ஜீரியாவில் இருந்தவர், பதக்கமெல்லாம் வாங்கியவர் என்றார். அப்பா எழுந்து உள்ளே போனவர் திரும்ப வெளியே வரவில்லை. அன்று இரவே இந்த இடம் வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். காரணம் சொல்லவில்லை. எனக்குப் பாஸ்கரைப் பிடித்திருந்தது. அம்மாவும் என் பக்கம் நின்றாள்.

கல்யாணம் பாண்டியில் நடந்தது. அப்பா காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். தாய்மாமா தாரை வார்த்துக் கொடுத்தார். மண்டபத்தில் எத்தனை பேர் என்னிடம் 'அப்பா எங்கம்மா?' என்று கேட்டார்கள் என்று எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லித்தான் நான் விமானம் ஏறினேன்.

இங்கே எங்கள் தெருவின் பெயர் '19 மார்ச் 1962'. பிரான்சில் நிறைய ஊர்களில் இந்தப் பெயரில் தெரு உண்டு. அல்ஜீரியாவில் சண்டை நின்ற நாள் அது. அப்பா எனக்கு எழுதிய கடிதங்களில் முகவரி 'மார்ச் தெரு' என்று மட்டும் இருக்கும். தேதியையும் வருடத்தையும் விட்டுவிடுவார். இரண்டு முறை சொல்லிப் பார்த்தேன். அப்படியே தொடர்ந்தார். கடிதங்கள் எப்படியோ வந்து சேர்ந்தன. மறதி என்று நினைத்துக்கொண்டேன்.

3

அந்த ஞாயிறுக்குப் பிறகு இரண்டு வாரம் அப்பா போனுக்கு வரவில்லை. தூங்குகிறார், பட்டறையில் இருக்கிறார் என்று சேகர் சொன்னான். மூன்றாவது வாரம் அவனே வேறொரு விஷயமாகக் கூப்பிட்டான். அப்பாவுக்கு வலது கண் ஏற்கனவே போய்விட்டது. இடது கண்ணிலும் பார்வை குறைகிறது என்று விழுப்புரத்தில் டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். ஆபரேஷன் செய்தால் காப்பாற்றலாம், வருடம் முடிவதற்குள் பாண்டிச்சேரிக்குக் கூட்டிப்போங்கள் என்று அவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"மாட்டேன்னுட்டாருக்கா. கண்ணு போனாலும் பரவால்லையாம், அங்க வர மாட்டாராம். சென்னைக்கு இட்டுக்கினு போலாம்னா, எண்பத்தாறு வயசுல தெனம் தெனம் அலைய முடியுமா? நீயே பேசு."

சேகரும் அவன் மனைவி அமுதாவும் பிள்ளைகளோடு பெருமுக்கல் மலைக் கோயிலுக்குப் போயிருந்த ஒரு காலையில் அப்பாவைக் கூப்பிட்டேன். வீட்டில் அவர் மட்டும் இருந்தார். கண்ணைப் பற்றிக் கேட்கவில்லை. நீங்கள் அல்ஜீரியாவில் இருந்தீர்களா என்று கேட்டேன்.

அப்பா போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்தார், சுழலும் மின்விசிறி மட்டும் தெரிந்தது. பிறகு சொல்லத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். நடுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

அவருடைய நிஜப் பெயர் நடேசன். பிறந்தது விழுப்புரத்துக்குக் கிழக்கே, அன்று பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த ஒரு கிராமத்தில். பட்டாளத்தில் சேர்ந்தால் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பார்கள் என்று பத்தொன்பது வயதில் கையெழுத்துப் போட்டார். அப்போது பாண்டிச்சேரியிலேயே பிரெஞ்சுக் கொடியை இறக்கியாகிவிட்டது. 'நம்ம ஊர்ல எறக்குன கொடிய அந்த ஊர்ல ஏத்தி வெக்கப் போனோம்' என்றார் அப்பா. அது அன்றைக்கு அவருக்குத் தோன்றவில்லை. அல்ஜீரியாவில் மலைக்கு மேல் ஒரு முகாமில் லாரி டிரைவராகப் போட்டார்கள்.

அல்ஜீரியாவைப் பிரெஞ்சுக்காரர்கள் நூற்று முப்பது வருடம் வைத்திருந்தார்கள். நல்ல நிலமெல்லாம் வெள்ளைக்காரக் குடியேறிகளிடம். அந்த ஊர்க்காரர்கள் கேட்டுப் பார்த்து, கெஞ்சிப் பார்த்து, கடைசியில் துப்பாக்கி எடுத்தார்கள். போராளிகள் மலையில் இருந்தார்கள். அப்பா அவர்களைக் கண்ணால் பார்த்ததேயில்லை. பார்த்ததெல்லாம் அவர்களுக்குச் சோறு போட்ட ஊர்களைத்தான். பெண்கள் விடிவதற்கு முன் ரொட்டி சுடுவார்களாம். வீட்டில் நாலு பேர், ரொட்டி இருபது. அதை எண்ணித்தான் பட்டாளம் ஊரைச் சுற்றி வளைக்கும். ஆண்களை லாரியில் ஏற்றும். லாரியை ஓட்டியவர் அப்பா.

முகாமில் பிடித்து வைத்தவர்களைச் சில நாள் காலையில் விறகு பொறுக்க என்று காட்டுக்குள் கூட்டிப்போவார்கள். தப்பி ஓடப் பார்த்தார்கள், சுட்டோம் என்று திரும்பி வந்து எழுதிக்கொள்வார்கள். முதல் தடவை அப்பாவுக்குப் புரியவில்லை. வண்டியில் காத்திருந்தார், சத்தம் கேட்டது, நிஜமாகவே ஓடியிருப்பார்கள் என்று நினைத்தார். இரண்டாம் தடவை புரிந்தது.

"மூணாவது தடவை மொத நாளே சொல்லிட்டாங்க. மூணு பேரு. காலையில ரெடியா இருன்னாங்க. நான் விடிகாலையில எழுந்து போயி பெட்ரோல் போற குழாயக் கழட்டி உள்ள துணிய அடைச்சு வெச்சிட்டேன். வண்டி ஸ்டார்ட் ஆவல. வேற வண்டி வெளிய போயிருந்துது. சரி, நாளைக்குப் பாத்துக்கலாம்னுட்டாங்க. அன்னிக்கு மத்தியானமே எனக்கு லீவு வந்துட்டுது. ஊருக்குப் போலாம்னு காயிதம். கெளம்பிட்டேன். மறுநாள் அந்த மூணு பேரும் இன்னா ஆனாங்கன்னு தெரியாது. ஒரு நாள் தள்ளிப் போச்சு. அவ்ளோதான் நான் பண்ணது."

கப்பலில் பாண்டி வந்து இறங்கியவர் திரும்பிப் போகவில்லை. சீருடையைக் கழற்றிவிட்டுக் காணைக்கு ஓடி வந்து பெயரை மாற்றிக்கொண்டார். ஓடிவந்த சிப்பாயைப் பிடித்தால் சிறை. பாண்டியில் பிரெஞ்சுத் தூதரகம் இருந்தது, அவர் புகைப்படம் பட்டாளத்திடம் இருந்தது, கூட இருந்த சொல்தாக்கள் ஒவ்வொருவராக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பாஸ்கரின் பெரியப்பா, நான் பெரிய மாமா என்று கூப்பிடுகிறவர், அதே முகாமில் இன்னொரு லாரி ஓட்டியவர்.

"கல்யாண மண்டபத்துல அவரு என்ன நடேசான்னு கூப்ட்டாருன்னா உன் கல்யாணம் நின்னுடுமேன்னு பயந்துக்கினேம்மா. அம்மாவுக்கு மட்டும் தெரியும்."

அம்மா செத்துப் பதினோரு வருடம் ஆகிறது. அவளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

4

எனக்கு முதலில் வந்தது கோபம். என்மேல் கோபத்தில்தான் அப்பா கல்யாணத்துக்கு வரவில்லை என்று இருபத்தெட்டு வருடம் நம்பி, அதன்மேல் ஒரு வாழ்க்கையைக் கட்டியிருக்கிறேன். கோபம் அடங்கியபோது இன்னொன்று உறைத்தது. பிரான்சில் பெண்ணுக்குக் கல்யாணம் ஆனாலும் எல்லாக் காகிதத்திலும் பிறந்த வீட்டுப் பெயர்தான் முதலில் இருக்கும். தங்கும் அனுமதிக்காக விடியற்காலையில் வரிசையில் நின்ற நாளிலிருந்து குடியுரிமை வாங்கிய நாள் வரை, 'மதாம் கோவிந்தன்' என்று கூப்பிட்டால் எழுந்து போயிருக்கிறேன். பிரெஞ்சு அரசாங்கத்திடமிருந்து ஒளிந்துகொள்ள அப்பா வைத்துக்கொண்ட பெயரை, அதே அரசாங்கத்தின் அட்டையில் நான் இத்தனை வருடம் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

அப்பாவை இப்போது யாராவது தேடுகிறார்களா என்று தெரிந்துகொள்ள வேண்டும். பட்டாளத்தின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். நடேசன் என்பவருடைய வாரிசு என்று நிரூபிக்கச் சொன்னார்கள். என் பிறப்புச் சான்றிதழில் கோவிந்தன் என்று இருக்கிறது. இரண்டு பேரும் ஒருவரே என்பதற்குச் சான்று கேட்டார்கள். அந்தச் சான்றை யார் தருவார்? விழுப்புரத்தில் ஒரு வக்கீலிடம் சேகர் விசாரித்தான். அவர் தலையைச் சொறிந்துவிட்டு, அப்பா எதற்காகப் பெயர் மாற்றினார் என்று எழுத வேண்டியிருக்கும் என்றார். அதை எப்படி எழுதுவது? நான்கு மாதம் இப்படியே போனது.

நான் பள்ளிக்கூட உணவகத்தில் வேலை செய்கிறேன். கூட வேலை செய்யும் ஃபதீஹா அல்ஜீரியாக்காரி. ஒவ்வொரு ஜூலை ஐந்தாம் தேதியும் தங்கள் சுதந்திர தினம் என்று தேனில் ஊறிய பலகாரம் கொண்டுவந்து எல்லாருக்கும் தருவாள். இந்த வருடம் அதை வாங்க எனக்குக் கை வரவில்லை. என்ன ஆச்சு என்று கேட்டாள். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தண்ணீரை மூடிவிட்டுக் கேட்டாள். அவளுடைய தாத்தா மலையில் இறந்தவர் என்பது எனக்குத் தெரியும்.

எந்தப் பகுதி என்று கேட்டாள். அப்பா சொன்ன மலையின் பெயரைச் சொன்னேன்.

"நாங்கள் அந்தப் பக்கம் இல்லை. ரொம்ப மேற்கே" என்றாள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். பிறகு ஒரு பலகாரத்தைக் காகிதத்தில் சுற்றி, வீட்டுக்குப் போய் சாப்பிடு என்று என் பையில் வைத்தாள்.

முடிச்சை அவிழ்த்தது நிலாதான். வாரிசு என்று கேட்டால்தானே சான்று வேண்டும்? ஆராய்ச்சி மாணவி என்று போனால் பழைய கோப்பைப் படிக்க விடுவார்கள். அவள் தன் பல்கலைக்கழக அட்டையைக் காட்டி, ஒரு சிட்டையில் நடேசன் என்று எழுதிக் கொடுத்தாள். இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டு ஒரு மேசையில் உட்காரவைத்துக் கோப்பை முன்னால் வைத்தார்கள்.

அதில் இருபது வயது நடேசனின் படம் இருந்தது. சேகரை அப்படியே உரித்து வைத்த முகம். கடைசிப் பக்கத்தில் இரண்டு குறிப்புகள். விடுப்பு முடிந்து திரும்பவில்லை, ஓடிப்போனவராகக் கருதப்படுகிறார் என்பது ஒன்று. அதற்குக் கீழே வேறு மையில், போர் முடிந்து சில வருடம் கழித்து எழுதியது: பொது மன்னிப்புச் சட்டத்தின்படி விடுவிக்கப்பட்டார், கோப்பு மூடப்பட்டது.

நான் பிறப்பதற்கு முன்பே மூடிவிட்டார்கள். யாரும் அவரைத் தேடவில்லை.

5

டிசம்பர் விடுமுறையில் நானும் நிலாவும் கிளம்பினோம். போனில் சொல்ல மனசில்லை. இதை அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று இருந்தது.

திண்டிவனம் வீட்டில் அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எங்கள் குரல் வந்த திசையில் முகத்தைத் திருப்பினார். நிலா கோப்பின் நகலை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தமிழில்தான் சொல்வேன் என்று விமானத்தில் வரும்போதே பழகி வந்திருந்தாள்.

"தாத்தா, இதுல எழுதியிருக்கு. நீங்க ஓடிப்போனவர். ஆனா பரவாயில்லைன்னு சொல்லிட்டாங்க."

சமையலறையில் அமுதா வாயைப் பொத்திக்கொண்டாள். நம்மூரில் ஓடிப்போவதென்றால் என்ன அர்த்தம் என்று நிலாவுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

"யாரு கூட ஓடிப்போனேன்னு போட்டுக்கிறாங்களா?" என்றார் அப்பா.

அப்புறம் அவரே சிரித்தார். நிலாவுக்குப் புரியவில்லை, ஆனாலும் சேர்ந்து சிரித்தாள். நான் ஒரு வரி விடாமல் தமிழில் சொன்னேன். மன்னிப்பு என்ற இடத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்ப வாசிக்கச் சொன்னார். எந்த வருடம் என்று கேட்டார். சொன்னதும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

"அப்ப உங்கம்மாவ நான் பாண்டிக்குக் கடல் பாக்க இட்டுக்கினு போயிருக்கலாம்" என்றார்.

மறு வாரம் காரில் கூட்டிப்போனோம். திண்டிவனத்தைத் தாண்டும்போது கதவுக் கைப்பிடியைப் பிடித்தவர், எல்லையில் சாராயக் கடைகள் வரிசையாக வரத் தொடங்கிய பிறகும் விடவில்லை. பாண்டி வந்துவிட்டது என்று நான் சொன்னபோது, வாசனை தெரிகிறது என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்று நாள் பக்கத்திலேயே தங்கியிருங்கள், முக்கியமாக அழக்கூடாது, தும்மக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னார். பாஸ்கரின் வீடு மருத்துவமனைக்கு இரண்டு தெரு தள்ளி. மாமனாரும் மாமியாரும் இப்போது இல்லை. பெரிய மாமா மட்டும், எண்பத்தெட்டு வயதில், பார்த்துக்கொள்ளும் ஒரு அம்மாவோடு அங்கே இருக்கிறார்.

அங்கே தங்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "போலாம்" என்றார்.

மறுநாள் காலையில் கட்டைப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி போட்டு அனுப்பினார்கள். பெரிய மாமா கூடத்தில் நாற்காலியில் இருந்தார். வாங்க சம்பந்தி, கோவிந்தனா, இப்பவாவது வர முடிஞ்சுதே என்று உபசாரமாகச் சொன்னார். அப்பா உட்காரவில்லை.

"நான் கோவிந்தன் இல்லண்ணே. நடேசன்."

பெரிய மாமா அவரையே பார்த்தார். அப்பா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். நான் தடுக்கப் போனேன், நிலா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கப்பல்லேந்து விழுந்து செத்துட்டேன்னாங்களேடா உன்னை" என்றார் பெரிய மாமா. பிறகு, "கிட்ட வா" என்றார்.

அப்பா பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வேறு எதுவும் பேசாமல், அந்த மூன்று பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார். எந்த மூன்று பேர் என்று பெரிய மாமா கேட்கவில்லை.

"குழாயில இருந்த துணிய நான்தான்டா எடுத்தேன். நீ வெச்சதுன்னு எனக்குத் தெரியும். சொல்லல. மெதுவா எடுத்தேன். வெளிய போன வண்டிங்களும் திரும்பி வரல. வண்டி ஸ்டார்ட் ஆவறதுக்கு மறுநாள் மத்தியானம் ஆயிடுச்சு. அதுக்குள்ள டவுன்லேந்து பெரிய ஆபீசர் சொல்லாம கொள்ளாம வந்துட்டாரு. பிடிச்சு வெச்ச ஆளுங்கள நிக்க வெச்சுப் பேர் எழுதிட்டாங்க. பேர் எழுதுனப்புறம் விறகுக்கு இட்டுப் போக முடியுமா? டவுன் சிறைக்கு அனுப்புன்னாரு. நான்தான் கொண்டுபோயி எறக்கிவிட்டேன்."

"உசுரோடவா?"

"உசுரோடதான். எறங்கும்போது ஒருத்தன் எங்கிட்ட சிகரெட்டு கேட்டான். குடுத்தேன். ஒரு வருஷம் கூட ஆவல, அவங்களுக்குச் சுதந்திரம் வந்துட்டுது. எல்லாரையும் தொறந்து வுட்டுட்டாங்க."

அப்பாவின் தோள் குலுங்கத் தொடங்கியது. எனக்கு டாக்டரம்மா சொன்னதுதான் முதலில் நினைவுக்கு வந்தது. அப்பா, கண்ணு, அழக்கூடாது என்றேன். அவர் தலையை ஆட்டினார், ஆனால் நிறுத்த முடியவில்லை. அறுபது வருடத்துக்கு மேலாக அந்த மூன்று பேரையும் தினமும் காட்டுக்குள் அனுப்பிக்கொண்டிருந்தவர் அவர். என் கல்யாணத்தன்று அவர் இந்த ஊருக்கு வந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். அதைச் சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. நிலா அவர் முன்னால் மண்டியிட்டுப் பஞ்சால் கன்னத்தை மட்டும் ஒற்றி எடுத்தாள். கண்ணில் படாமல் ஜாக்கிரதையாக ஒற்றினாள்.

அப்பா ஓய்ந்த பிறகு பெரிய மாமா சொன்னார், "நீ போனப்புறம் அந்த வண்டிய எங்கிட்ட குடுத்தாங்கடா. அடுத்த மாசமே வேற ஆளுங்கள ஏத்துனாங்க. நான் ஓட்டுனேன்."

சுவரில் அவருடைய பதக்கங்கள் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்தன. வீட்டில் இத்தனை வருடம் அவற்றைக் காட்டிப் பெருமை பேசியதெல்லாம் மாமனார்தான். பெரிய மாமா ஒருநாளும் பேசியதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அப்பா எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து வேலைக்கார அம்மா காபி கொண்டுவந்தாள். அப்பா ஒரு கையாலேயே டம்ளரை வாங்கிக் குடித்தார். மறு கையை எடுக்கவில்லை.

6

கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து நாளில் செய்தித்தாளில் பெரிய எழுத்துகளை வாசித்தார். இனி என் அட்டையில் இருக்கும் பெயரை மாற்ற வேண்டுமா என்று ஒருநாள் அவரே கேட்டார். வேண்டாம் என்றேன். நடேசனை எனக்குத் தெரியாது. பட்டறையில் என்னைப் டீசல் டாங்க்கின்மேல் உட்காரவைத்துக் கதை சொன்னவர் கோவிந்தன்தான். அவருக்கு அதில் சந்தோஷம் என்று முகத்தில் தெரிந்தது. நிலா கூடுதலாக ஒரு மாதம் இருக்கிறேன் என்றாள். தாத்தாவிடம் பிரெஞ்சில் கேட்டுத் தமிழில் எழுதிக்கொள்கிறாள். எழுத்துப்பிழையை அமுதா திருத்துகிறாள்.

நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு வீட்டுப் பட்டாவுக்கு ஒரு கையெழுத்து வாங்க விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்குப் போயிருந்தேன். வழக்கம்போல நாளை வாருங்கள் என்றார்கள். பாசஞ்சர் ரயிலைப் பிடித்துத் திண்டிவனம் திரும்பியபோது மத்தியானம். அப்பாவின் கட்டில் காலியாக இருந்தது. வாசலில் செருப்பும் இல்லை. பட்டறைக்குப் போய்விட்டாரோ, தூசி பட்டால் கண் என்னாவது என்று பதறிப் போய் அமுதாவைக் கேட்டேன்.

அவள் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

"மாமாவா? அவரு பாண்டிக்குப் போய்க்கிறாரு அண்ணி. அந்தத் தாத்தாவப் பாக்கணும்னு காலையிலயே டவுன் பஸ்ஸ்டாண்டுல போயி பஸ் ஏறிட்டாரு. நிலா கூட வர்றேன்னுச்சு, வேணாம், நானே போறேன்னுட்டாரு. சாயங்காலம் வந்துடுவாரு."

எங்கள் வீட்டில் யாரும் அதுவரை சொல்லிக் கேட்டிராத வாக்கியம் அது. அமுதா அடுத்த வெங்காயத்தை எடுத்தாள். நான் அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். எங்க போயிருக்காரு என்று இன்னொரு தடவை கேட்டேன்.

"பாண்டிக்கு" என்றாள்.